காயமுற்ற போர்வீரனைப் பராமரிப்பவர் யார்?

போர்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் உடன்படிக்கை கைச்சாத்தான நாளோடு பேனாவை மூடிவிடுகின்றனர். 1918 நவம்பர் 11இல் முதலாம் உலக யுத்தம் முடிவுற்றது என்று நாமும் வகுப்பறைகளிலே படிப்பித்து வருகின்றோம். முள்ளந்தண்டிற் குண்டு பாய்ந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன ஓர் இளைஞனின் தாய்க்கோ அன்றைய தினம் எதுவுமே முடியவில்லை. இவனை எங்கே வைத்துப் பார்ப்பது, யார் பார்ப்பது, எத்தனை ஆண்டுகளுக்கு, எவருடைய செலவில் என்ற கேள்விகள் அவளுக்கு அதன் பின்னரே தொடங்கின. இறந்தவனுக்குத் தூபி எழுப்பலாம். ஆண்டுக்கொரு தடவை மலர்வளையம் சாத்தலாம். உயிரோடு திரும்பியவனுக்கு நாள்தோறும் மூன்று வேளை உணவூட்டவும், மலசலம் எடுக்கவும், உடல் துடைக்கவும் ஒருவர் வேண்டும். தேசபக்திப் பேச்சாளர் எவரும் மேடையில் எடுத்துரைக்காத இவ்வேலையை வரலாற்றில் யார் யார் செய்து வந்தனர், அதற்கு அரசுகள் என்ன விலை கொடுத்தன என்பதையே இங்கு நோக்க விரும்புகின்றோம்.

நிலமானிய ஐரோப்பாவில் அங்கவீனமுற்ற படைவீரனுக்கு இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று துறவிமடம், மற்றையது தெரு. பிரான்சில் மன்னனின் சிபாரிசுடன் மடங்களுக்கு அனுப்பப்பட்ட பழைய படைவீரர்களைத் துறவிகள் வேண்டாவெறுப்பாகவே ஏற்றனர். வாழ்நாள் முழுவதும் பாசறையிலே கழித்தவனுக்கும் மடத்தின் நியமங்களுக்கும் ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்தில் எலிசபெத் அரசியின் காலத்தில், 1593ஆம் ஆண்டு, ஊனமுற்ற போர்வீரரின் செலவுக்கெனக் கோயிற் பங்குகள் தோறும் வரி அறவிடச் சட்டம் செய்யப்பட்டது. கருணை மாத்திரம் இதற்குக் காரணமன்று. ஆயுதம் பிடித்துப் பழகிய கூட்டமொன்று பசியோடு ஊர்தோறும் அலைவது ஆள்வோர்க்கு எக்காலத்திலும் அச்சந் தருவதாகும்.

இவ்வச்சமும் அரச ஆடம்பரமும் ஒன்றுசேர்ந்து பெற்ற பிள்ளையே பாரிஸ் நகரத்து இன்வலீட் மாளிகை. பதினான்காம் லூயி மன்னன் 1670இல் அதனைக் கட்ட ஆணையிட்டான். 1674இல் முதலாவது தொகுதியினர் குடிபுகுந்தனர். இன்று அதன் பொற்கூரையையும் நெப்போலியனின் சமாதியையும் காணச் செல்வோரிற் பலருக்கு, அது அங்கவீனருக்கென எழுந்த இல்லம் என்பது நினைவில் இருப்பதில்லை. ஆயிரக்கணக்கானோர் அங்கே உண்டு உறங்கினர், சப்பாத்துத் தைத்தனர், திரைச்சீலை நெய்தனர். உணவும் உடையும் வைத்தியமும் கிடைத்தன. அதற்கு ஈடாகப் பாசறைக் கட்டுப்பாடும் தேவாலய வழிபாடும் விதிக்கப்பட்டன. குடும்பம் என்பதற்கு அத்திட்டத்தில் இடமில்லை. போர்வீரன் மன்னனின் உடைமை. உடைந்த உடைமையை மன்னனே ஓரிடத்தில் அடுக்கி வைக்கின்றான். மாளிகையின் அடிப்படைக் கருத்து இதுவேயாகும்.

ஆயினும், அடுக்கி வைக்கப்பட்டோர் வெறும் பொருள்களாக இருந்துவிடவில்லை. 1789 யூலை 14ஆம் நாளை பஸ்தீல் சிறை வீழ்ந்த நாளாக எல்லோரும் அறிவர். அன்று காலையிலே பாரிஸ் மக்கள் முதலில் சென்றது இன்வலீட் மாளிகைக்கே. அங்குக் குவித்து வைக்கப்பட்டிருந்த துப்பாக்கிகளைப் பயனற்றவையாக்குமாறு முன்னரே கட்டளை பிறந்திருந்தது. அவ்வேலைக்கு அமர்த்தப்பட்ட முதிய ஊனர்களோ வேண்டுமென்றே கைகளை மெதுவாக அசைத்தனர். மக்கள் ஏறக்குறைய 30,000 துப்பாக்கிகளை எடுத்துச் சென்றனர். அத்துப்பாக்கிகளோடு அவர்கள் முற்றுகையிட்ட பஸ்தீலின் உள்ளே காவல் நின்றவர்களும் பெரும்பாலும் இதே இனத்தவர்: போர்முனைக்குத் தகுதியற்றவரென ஒதுக்கப்பட்ட 82 படைவீரரும், அவர்களுக்கு உதவியாக 32 சுவிஸ் கூலிப்படையினரும். சரணடைவோம் என்று தளபதியை நெருக்கியவர்களும் அம்முதியவர்களே. கோட்டை வீழ்ந்தபின் அவர்களுட் சிலர் கூட்டத்தின் சினத்துக்கு இரையாயினர் என்பதையும் மறைத்தல் தகாது. ஒரே வர்க்கத்தினர், ஒரே வகைக் காயத்தினர், ஒரே நாளில் சுவரின் இருபுறமும் நின்றனர்.

பாரிஸைப் பார்த்து இங்கிலாந்திலும் இரண்டாம் சாள்ஸ் மன்னன் 1682இல் செல்சீ ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டினான். 1692இல் அது திறக்கப்பட்டது. மன்னனின் கொடையெனப் புகழப்பட்ட அவ்வில்லத்தின் செலவு நெடுங்காலம் படைவீரரின் சம்பளத்திலிருந்து வெட்டப்பட்ட காசினாலேயே நடந்தது என்பது புகழ்ந்தோர் நூல்களில் அவ்வளவாகக் காணப்படாத சங்கதி. உள்ளே சேர்பவன் தன் ஓய்வூதியத்தை விட்டுக்கொடுத்தல் வேண்டும். மனைவியை உடனழைத்து வர இயலாது. கணவனுக்குக் கூரை வேண்டுமாயின் அவளுக்குக் கூரையில்லை என்பதே இதன் பொருள்.

இருபதாம் நூற்றாண்டு இக்கணக்குகள் யாவற்றையும் குலைத்தது. முதலாம் உலக யுத்தத்தில் பிரித்தானியப் படைவீரரில் மாத்திரம் ஏறக்குறைய 41,000 பேர் கையையோ காலையோ இழந்தனர். இப்போது காயமுற்றோர் மன்னனின் கூலிப்படையினர் அல்லர். தொழிற்சாலையிலிருந்தும் வயலிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் இழுத்துவரப்பட்ட குடிமக்கள். ஆயினும் அரசு அவர்களுக்கு வகுத்த ஓய்வூதியப் பட்டியலோ இறைச்சிக் கடையின் விலைப்பட்டியலை நினைவூட்டுவது. தோளோடு போன கைக்கு ஒரு தொகை, முழங்கைக்குக் கீழே போனதற்கு வேறொரு தொகை. வலக்கைக்குக் கூட, இடக்கைக்குக் குறைய. உறுப்பை அளந்து பணங் கொடுப்பது எளிது. அவ்வுறுப்பு செய்துவந்த வேலையை வீட்டில் இனி யார் செய்வது என்பதற்கு அப்பட்டியலில் நிரல் இல்லை.

அடியோடு அசைவிழந்தோரின் நிலை இன்னும் கொடியது. அக்காலத்தில் முண்ணாண் அறுந்தவனுக்கு வைத்தியம் இல்லையென்றே வைத்தியர்கள் கருதினர். படுக்கைப் புண்ணும் சிறுநீர்வழிக் கிருமியும் பெரும்பாலோரைச் சில கிழமைகளிலோ சில மாதங்களிலோ கொண்டுசென்றன. எஞ்சியோருக்கென 1916 சனவரியில் இலண்டனுக்கு அண்மையில், றிச்மண்ட் குன்றின்மீது, ஸ்டார் அன்ட் காட்டர் என்ற பழைய ஹோட்டற் கட்டடத்தில் இல்லமொன்று திறக்கப்பட்டது. தேம்ஸ் நதி வளைந்தோடும் எழில்மிகு காட்சி அங்கிருந்து தெரியும். சேர்க்கப்பட்டோரிற் பலர் இருபது வயதைச் சற்றே தாண்டிய பையன்கள். இதற்கான நிதியை அரசு தரவில்லை. பெண்கள் குழு அமைத்து ஊர் ஊராகத் திரட்டினர். 1924இல் புதிய கட்டடமும் அவ்வாறே எழுந்தது. நல்ல மனத்தோடு நல்ல வேலை செய்தார்கள். அதை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் அரசு செய்யவேண்டிய கடமையை அறநிதி செய்யும்போது உரிமை இரக்கமாக மாறிவிடுகின்றது. இரக்கத்தைப் பெறுபவன் நன்றி சொல்லவேண்டும். குறை கூறுதல் கூடாது. நிதி குறையும் ஆண்டில் கட்டில்களும் குறையும்.

உடலிற் காயமின்றி உள்ளம் உடைந்தோர் கதை வேறு. ஆயிரக்கணக்கானோர் மனநோய் விடுதிகளுக்குச் சென்றனர். இவர்களை ஏழைக் கைதிகளைப்போல் நடத்துகின்றார்கள் என்ற குற்றச்சாட்டு எழவே, ‘சேவை நோயாளர்’ என்று இவர்களுக்கு ஒரு தனிப்பெயர் சூட்டப்பட்டது. அப்பெயரால் அவர்களுக்குக் கிடைத்தவை: விடுதிச் சீருடைக்குப் பதிலாக வேறு உடை, கிழமைக்கு இரண்டரை ஷில்லிங் கைச்செலவு. நோய் அதே நோய், கட்டில் அதே கட்டில். சிலர் அக்கட்டிலிலேயே முதுமையடைந்து இறந்தனர்.

தோற்ற நாடாகிய ஜேர்மனியில் நிலைமை மாறாக அமைந்தது கவனிக்கத்தக்கது. அங்கே போரில் ஊனமுற்றோர் போர் முடியுமுன்னரே, 1917இல், சமூக ஜனநாயகவாதிகளின் தலைமையில் சங்கம் அமைத்தனர். 1920இல் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, வைத்தியத்தையும் ஓய்வூதியத்தையும் தொழிற்பயிற்சியையும் உரிமையாக்கியது; மற்றொன்று, கடும் ஊனமுற்றோருக்குத் தம் வேலைத்தலங்களில் இடமளிக்க முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. இலண்டனில் கையேந்தவேண்டியிருந்தவன் பேர்லினில் மனுப்போட்டு வழக்காடலாம். ஆயினும் பொருளாதார நெருக்கடி வந்ததும் 1930க்குப் பின்னர் அமைந்த அரசுகள் முதலிற் கைவைத்தவற்றுள் இவ்வுதவித்தொகைகளும் அடங்கும். அதன் பின்னர் ஹிட்லர். ஊனமுற்ற படைவீரரை ‘தேசத்தின் முதற் குடிமக்கள்’ எனப் பாராட்டிய அதே ஆட்சிதான், 1920இல் ஓவியர் ஒட்டோ டிக்ஸ் வரைந்த ஊனமுற்ற போர்வீரரின் படத்தை 1937இல் ‘சீரழிந்த கலை’ எனக் காட்சிக்கு வைத்து இழிவுபடுத்தியது. 1939இல் தொடங்கிய மனநோயாளர் கொலைத்திட்டத்தில் முதல் யுத்தத்தின் பழைய வீரரும் விடுதிகளிலிருந்து எடுத்துச்செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

அந்த ஜேர்மனியிலிருந்து தப்பிவந்த ஒருவர்தாம் முண்ணாண் காயத்தின் வரலாற்றையே மாற்றினார். லுட்விக் குட்மன் என்ற யூத வைத்தியர் 1899இல் மேற்சிலேசியாவிற் பிறந்தவர். 1917இல், பதினெட்டு வயதிலே, சுரங்கத் தொழிலாளருக்கான ஆஸ்பத்திரியொன்றில் தொண்டு செய்துகொண்டிருந்தபோது, முதுகு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவன் கொண்டுவரப்பட்டான். உடல்வலிமை மிக்க இளைஞன். அவனைத் திரைக்குப் பின்னே கிடத்தினர். சில கிழமைகளில் இறந்துவிடுவான், அதிகம் எழுதி வைக்கத் தேவையில்லை என்று குட்மனுக்குக் கூறப்பட்டது. அவ்வாறே அவன் இறந்தான். குட்மன் அத்தொழிலாளியை ஒருபோதும் மறக்கவில்லை என்று பிற்காலத்திற் கூறியுள்ளார். போர்வீரனுக்கு வந்த வைத்தியத்தின் தொடக்கம் சுரங்கத் தொழிலாளி ஒருவனின் மரணத்திலே இருந்தது என்பது எம்மைப் போன்றோர் சற்று நின்று நோக்கவேண்டிய விடயம்.

1938 நவம்பரில் யூதரின் கடைகளும் ஆலயங்களும் எரிக்கப்பட்ட இரவிலே, பிரெஸ்லாவ் நகர யூத ஆஸ்பத்திரியின் தலைவராயிருந்த அவர், வாயிலுக்கு வரும் ஆண்கள் எவரையும் கேள்வியின்றிச் சேர்த்துக்கொள்ளுமாறு பணித்தார். மறுநாள் வந்த இரகசியப் பொலிசாருக்குக் கட்டில் கட்டிலாக நின்று நோய்ப்பெயர்களைக் கற்பித்துக் கூறிப் பெரும்பாலோரைக் காப்பாற்றினார். 1939இல் குடும்பத்துடன் ஒக்ஸ்போட் வந்து சேர்ந்தார். ஐரோப்பாவில் இரண்டாம் போர்முனை திறக்கப்படவிருந்த வேளையில் முண்ணாண் காயத்தினர் பெருந்தொகையாக வருவர் என்பதை உணர்ந்த பிரித்தானிய அரசு, 1944 பெப்ரவரி 1இல், ஸ்டோக் மன்டவில் என்னுமிடத்தில் தனிப்பிரிவொன்றைத் திறந்து அவர் பொறுப்பில் விட்டது.

அவர் கொண்டுவந்த சிகிச்சையில் அதிசய மருந்து எதுவுமில்லை. நோயாளியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும். தோலில் அழுத்தம் நீங்கினால் புண் வராது. புண் வராவிடின் கிருமி ஏறாது. சிறுநீரைத் தூய முறையில் வெளியேற்ற வேண்டும். கைகளுக்குப் பயிற்சி, பின்பு தொழில். சொல்வது எளிது. ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு தடவை. தனியொருவராற் புரட்ட இயலாது. இருபது கட்டில்களென்றால் கணக்கைப் படிப்போரே போட்டுக்கொள்ளலாம். அதிகாலை இரண்டு மணிக்கு வேலை நடைபெறுகின்றதா என்று பார்க்கக் குட்மன் தாமே விடுதிக்கு வந்துவிடுவாராம். தாதியரும் உதவியாட்களும் அவரை நேசித்தார்களா என்பது வேறு விடயம். பெயர் அறியப்படாத அவ்வுதவியாட்களின் தோள்வலிமையே அங்கு மருந்தாயிருந்தது.

1948 யூலை 29இல், இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மன்டவில் புற்றரையிலே பதினாறு பேர் சக்கர நாற்காலியிலிருந்து வில்லெய்தனர். எதிரணியாக வந்தோர் முன்னர் நாம் குறிப்பிட்ட றிச்மண்ட் இல்லத்தவர். 1916இல் இறப்பதற்காக ஏற்கப்பட்டோரின் வீட்டிலிருந்து 1948இல் விளையாட வந்தார்கள். அதுவே வளர்ந்து 1960இல் றோமாபுரியில் நடைபெற்ற முதலாவது பராலிம்பிக் விளையாட்டாயிற்று. இக்கதையை ஊக்கமூட்டும் கதையாக எல்லோரும் சொல்வர். அதனோடு சேர்த்துச் சொல்லவேண்டியது வேறொன்றுண்டு. சில மாதங்களில் இறந்துவிடுவான் என்றிருந்தவன் இப்பொழுது நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழ்கின்றான். ஆஸ்பத்திரியோ அவனைச் சில மாதங்களில் வீட்டுக்கு அனுப்புகின்றது. எஞ்சிய காலத்தில் அவனைப் புரட்டுபவர் யார்?

மனைவி. மனைவியில்லாவிடின் தாய். விஞ்ஞானத்தின் வெற்றி பெண்ணின் தோளிலே சுமையாக இறங்கியது. இதை எந்த வரவுசெலவுத் திட்டமும் நெடுங்காலம் செலவாகக் காட்டவில்லை.

இதனைப் பகிரங்கமாக ஒப்புக்கொள்ள நேர்ந்த நாடு அமெரிக்கா. ஒப்புக்கொண்ட காலமோ மிக அண்மையது. உள்நாட்டு யுத்தத்தின் இறுதியிலே, 1865இல், ஊனமுற்ற தொண்டர்படையினருக்கான தேசிய இல்லங்களை அமைக்கும் சட்டத்தில் லிங்கன் கைச்சாத்திட்டார். அதன்பின் பல யுத்தங்கள், பல ஆஸ்பத்திரிகள். 2001க்குப் பின் ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் நடந்த போர்களில், மார்புக்கவசமும் விரைவான விமான ஊர்தியும் இருந்தமையால், முன்னைய போர்களில் மாண்டிருக்கக்கூடியோர் உயிர் தப்பினர். தெருவோரக் குண்டுகளால் கால்களையும் பார்வையையும் இழந்து, மூளையும் அதிர்ந்து, பல காயங்களை ஒருங்கே தாங்கி வந்தனர். 2005இல் மினியாபொலிஸ், பாலோ ஆல்ட்டோ, றிச்மண்ட், டாம்பா ஆகிய நான்கு நகரங்களில் இத்தகையோருக்கான தனி நிலையங்கள் அமைந்தன. வேறொரு மாநிலத்தில் வாழும் தாய் தன் வேலையைவிட்டு, ஏனைய பிள்ளைகளை அயலாரிடம் ஒப்படைத்து, அந்நகரொன்றில் மாதக்கணக்கிற் போய்த் தங்கவேண்டியதாயிற்று.

2007 பெப்ரவரியில் வாஷிங்டன் பத்திரிகையொன்று, நாட்டின் தலையாய இராணுவ ஆஸ்பத்திரியாகிய வோல்ற்றர் றீட்டின் வெளிநோயாளர் தங்கிய 18ஆம் இலக்கக் கட்டடத்தின் நிலையை அம்பலப்படுத்தியது. பூஞ்சணம் பிடித்த சுவர்கள், எலிகள், கரப்பான்கள். அவற்றைவிட மோசமாயிருந்தவை படிவங்கள். மூளைக்காயத்தால் நினைவு தடுமாறும் இளைஞன், தான் போருக்குச் சென்றதை நிரூபிக்கக் கடதாசி தேடி அலுவலகம் அலுவலகமாக அலைந்தான். உடனிருந்த மனைவியோ தாயோ அவனுடைய எழுதுவினைஞராகவும் வழக்கறிஞராகவும் மாறினர். இராணுவச் செயலாளர் பதவி துறந்தார், ஆணைக்குழு அமைந்தது.

2010 மே மாதத்தில் வந்த சட்டம் முதன்முறையாகக் குடும்பத்தில் பராமரிப்பவருக்கு மாதப்படி, மருத்துவக் காப்புறுதி, பயிற்சி, ஆண்டிலே சில நாட்களுக்கேனும் மாற்றாள் ஆகியவற்றை வழங்கியது. மனைவி தன் கணவனைத் தூக்கிக் கிடத்துவதும் உழைப்பே என்று ஒரு பேரரசு சட்டத்தில் எழுதிக்கொடுத்தது. இந்த அளவுக்கு நாம் அதனை வரவேற்கின்றோம். ஆனால் 2001 செப்டெம்பர் 11க்குப் பின் காயமுற்றோரின் குடும்பத்துக்கே அவ்வுரிமை. வியட்னாமில் உறுப்பிழந்தவனை நாற்பதாண்டு காலம் தூக்கிக் கிடத்திய மனைவி அக்கோட்டுக்கு வெளியே நின்றாள். 1975க்கு முற்பட்ட காயத்தினருக்கு 2020 ஒக்டோபரிலும், இடைப்பட்டோருக்கு 2022 ஒக்டோபரிலுமே அக்கதவு திறந்தது. அதுவரை எத்தனை மனைவியர் உயிரோடிருந்தனர் என்பதை யாரும் பட்டியலிடவில்லை. அமெரிக்கக் குண்டு விழுந்த வியட்னாமியக் கிராமத்தின் தாய்க்கு எச்சட்டமும் எந்த ஒக்டோபரும் இல்லை என்பதை இங்கே சேர்த்து எழுதாவிடின் எமது கணக்கும் பிழைத்துவிடும்.

இவ்வளவும் எழுதிவிட்டு எமது இலங்கைத் தீவைப்பற்றி வாய்மூடி இருத்தல் நேர்மையன்று. 1983 முதல் 2009 வரை நடந்த யுத்தத்தில் அங்கவீனமுற்ற அரசபடையினருக்கென 1999இல் ஓர் அதிகாரசபை அமைந்தது. யுத்தத்தின் பின் ‘அபிமன்சல’ என்ற பெயரில் இல்லங்களும் எழுந்தன. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் தெற்கின் வறிய விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுக்குக் கிடைப்பது அவர்களது உரிமை. வன்னியிலோ, மறுபுறத்தில் நின்று போரிட்டு முதுகு முறிந்தவனுக்கும், எப்புறத்திலும் நில்லாமல் எறிகணையாற் காயமுற்றவளுக்கும் அத்தகைய ஓய்வூதியம் இல்லை. தொண்டு நிறுவனம் தந்த சக்கர நாற்காலி மணல் ஒழுங்கையில் ஓடுவதில்லை. தாய் இருக்கின்றாள். பொலநறுவையின் ஒரு வீட்டிலும் முல்லைத்தீவின் ஒரு வீட்டிலும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து மகனைப் புரட்டும் பெண்கள் ஒருவரையொருவர் அறியார். ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காது. செய்யும் வேலை ஒன்றே.

றாண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2014இல் வெளியிட்ட அறிக்கையொன்று, அந்நாட்டில் 55 இலட்சம் பேர் காயமுற்ற அல்லது நோயுற்ற படையினரை வீட்டில் பராமரிப்பதாகக் கணித்தது. 2001க்குப் பின் பணிபுரிந்தோரைப் பராமரிப்பவருள் ஏறக்குறைய காற்பங்கினர் பெற்றோர். பிள்ளைக்கு முப்பது வயது; தாய்க்கு அறுபது. அவளுக்குப் பின் அவனை யார் ஏற்பது என்று அவ்வறிக்கையும் கேட்டது. றிச்மண்ட் குன்றின் இல்லம் 2013இல் மூடப்பட்டு, அங்கு வாழ்ந்தோர் வேறிடங்களிலுள்ள புதிய இல்லங்களுக்கு மாற்றப்பட்டனர். நதியின் வளைவு தெரியும் அப்பழைய கட்டடம் இப்பொழுது செல்வந்தரின் அடுக்குமாடி வீடுகளாக இருக்கின்றது.